எஃகை வென்ற துகள்கள்

பட்டறைகளில் லேத் என்று அழைக்கப்படும் கடைசல் எந்திரத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். எஃகுத் தண்டு சுழல்கிறது. வெட்டுளி அதைச் சுருள் சுருளாகச் சீவுகிறது. உளி, தண்டைவிடக் கடினமாக இருக்கவேண்டும் என்பது வெளிப்படை. தண்டே பதமேற்றிக் கடினமாக்கப்பட்ட எஃகாக இருந்தால் என்ன செய்வது?

உலோகத்தைச் சீவச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. சாதாரணக் கார்பன் எஃகு உளி, சுமார் 250 டிகிரி செல்சியசிலேயே பதம் இழந்துவிடும். ஆகவே, சூட்டிலும் மாறாத கடினமே உளிக்குத் தேவை. 1868இல் இங்கிலாந்தின் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் கலந்த உளி எஃகை உருவாக்கினார். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான டெய்லரும் வைட்டும் 'அதிவேக எஃகை' இயக்கிக் காட்டினர். அது சுமார் 600 டிகிரி வரை தாங்கியது. அப்போதும் பதமேற்றிய எஃகைச் சாணைக்கல்லால் தேய்க்கத்தான் முடிந்தது.

விடை மின்விளக்குத் தொழிலிலிருந்து வந்தது! விளக்கின் டங்ஸ்டன் இழையை மெல்லியதாக இழுக்க, துளையிட்ட வைரம் தேவைப்பட்டது. விலையோ அதிகம். டங்ஸ்டன் கார்பைடு கடினமானது. ஆனால் எளிதில் நொறுங்கும். 1923இல் ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர், கார்பைடுத் தூளுடன் சிறிது கோபால்ட் தூளைக் கலந்து, அழுத்தி, உயர்வெப்பத்தில் சூடாக்கினார். செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல் கோபால்ட் துகள்களைப் பிணைத்தது. குருப் நிறுவனம் இதற்கு 'விடியா' எனப் பெயரிட்டது. 'வைரம் போல' என்னும் பொருள்தரும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம் அது.

எனினும் எஃகைச் சீவும்போது, சூடான சுருள் கார்பைடைக் கரைத்து உளியில் குழி பறித்தது. டைட்டானியம் கார்பைடு சேர்த்து 1930களில் இக்குறையைப் பெரிதும் போக்கினர். கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையையும் அதிர்ச்சியையும் அவ்வளவாகத் தாங்காது. ஆகவே பதமேற்றிய எஃகைக் கடையும்போது, அழுத்தமே மிகுமாறு உளிமுனையைச் சாய்த்து, அசையாத எந்திரத்தில், குறைந்த வேகத்தில் மெல்லியதாகச் சீவவேண்டும்.

இனி ஒரு கணக்கு. 1928இல் குருப்பும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவரை அமெரிக்காவில் பவுண்டு 50 டாலர் அளவில் விற்ற கார்பைடு, 453 டாலர் வரை ஏறியது. அன்று ஒரு பவுண்டு தங்கமே சுமார் 300 டாலர்தான்! சிறு பட்டறைகள் இதை எப்படி வாங்கும்? போட்டியைத் தடுத்த குற்றத்துக்காக அமெரிக்க நீதிமன்றம் 1948இல் ஜெனரல் எலக்ட்ரிக்குக்குத் தண்டனை விதித்தது.

அதே நிறுவனத்தின் ராபர்ட் வென்டார்ஃப் 1957இல் கனசதுரப் போரான் நைட்ரைடை உருவாக்கினார். மிகக் கடின எஃகைக் கடைய இன்று பெரிதும் உதவுவது அதுவே. எந்தப் பொருள் எதைவிடக் கடினமானது என்பதை இயற்கை தீர்மானிக்கிறது. அது யார் கைக்கு எட்டும் என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள்.