சிறை கற்பித்த சட்டம்

மைசூர் நகரில் அக்ரஹாரம் என்றொரு பகுதி உண்டு. கற்றோர்க்கென மன்னர் வரியின்றி வழங்கிய குடியிருப்புக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. பாலக்காட்டிலும் அத்தகைய ஊர்கள் பல உள்ளன. பல தலைமுறைகளுக்கு முன் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், மலையாள நாட்டின் நடுவே இல்லத்தில் தமிழைப் பேணி வந்தன. அவ்வூர்களுள் ஒன்றாகிய வைத்தியநாதபுரத்தில் 1915-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் பிறந்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

தந்தையார் இராமய்யரும் வழக்கறிஞரே. மைந்தர் தலைச்சேரி பாசல் மிஷன் பள்ளியிலும், பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்த் தலைச்சேரியில் தொழில் தொடங்கினார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மாவட்டம். ஜன்மிகள் எனப்பட்ட நிலக்கிழார்க்கும் குடியானவர்க்கும் பிணக்கு முற்றியிருந்த காலம் அது. கிருஷ்ணய்யர் குடியானவர்க்காகவும் தொழிலாளர்க்காகவும் வாதாடினார்.

விசாரணை என்ற பெயரால் காவலர் புரிந்த கொடுமைகளையும் அவர் கண்டித்தார். 1948-இல், கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று குற்றஞ்சாட்டி அவரையே ஒரு மாதம் சிறையில் அடைத்தனர். நீதிமன்றத்தில் கைதிக்காகப் பேசுவது வேறு. கைதியாகக் கதவின் உட்புறம் நிற்பது வேறு. சட்டக் கல்லூரி கற்பிக்காத பாடத்தை அந்த ஒரு மாதம் கற்பித்தது எனலாம்.

1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், உள்துறை ஆகியவற்றுடன் சிறைத்துறையும் அவர் பொறுப்பில் வந்தது. 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த கைதி ஒருவர், சக கைதியைச் சிறைக் காவலர் துன்புறுத்தியதாக நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். முத்திரைக் கட்டணமும் இல்லை. முறையான மனுவும் இல்லை. ஆயினும் நீதிமன்றம் அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது. வழக்கறிஞர்களைச் சிறைக்கு அனுப்பி உண்மையறியச் செய்தது. 1979-இல் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைக்குள் நுழைந்ததனாலேயே மனிதன் தன் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்பதை நிலைநாட்டியது.

ஏழைக்கு இலவசச் சட்ட உதவி வேண்டும் என்பது அவருடைய மற்றொரு வேட்கை. 1973-இல் இது குறித்து ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். 1976-இல் அரசியலமைப்பில் 39-ஏ பிரிவு சேர்ந்தது. 1987-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் பிறந்தது. கிருஷ்ணய்யர் 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் மறைந்தார்.

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலம் சென்றவர், வழக்கொன்றில் சிக்கினால் இருமடங்கு தவிப்பர். கையில் பொருளும் இராது, நீதிமன்ற மொழியும் புரியாது. அத்தகையோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தகுதியுடையோர்க்கு அங்கே வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவர். அது யாரும் இடும் பிச்சையன்று; நமக்குரிய உரிமை.