நேசமணி என்றொரு பெயர்

போன மாதம் சிவகாசியில் ரத்தப் பரிசோதனைக்காக ஓரிடத்தில் காத்திருந்தேன். டோக்கன் கொடுக்கும் பெண் "நேசமணி" என்று கூப்பிட்டாள். என்னைவிட இளையவர் ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். பின்வரிசைப் பையன் உடனே கைப்பேசியைத் தட்டினான். வடிவேலுவின் அலறல்! எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

2001 பொங்கலுக்கு வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுதான் காண்ட்ராக்டர் நேசமணி. சித்திக் முதலில் மலையாளத்தில் எடுத்த படம் அது. அங்கே ஜகதி ஸ்ரீகுமார் நடித்த பாத்திரத்தின் பெயர் லாசர். தமிழுக்கு வந்தபோது தென்கோடிக் கிறிஸ்தவர்கள் வைக்கும் பெயர் அமைந்துவிட்டது. ஞானமணி, செல்வமணி போல ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயர்.

2019 மே மாதக் கூத்து நினைவிருக்கும். பாகிஸ்தானிலிருந்து நடந்த ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம்மூர்ப் பையன் ஒருவன், இதனால்தான் அரண்மனையில் நேசமணியின் மண்டை உடைந்தது என்று எழுதப்போக, உலகமே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. மோடி இரண்டாம் முறை பதவியேற்ற அதே நேரம். என் கைப்பேசிக்கும் செய்தி வாசிப்பவர் குரலில், துக்கம் தொண்டையை அடைக்க, அவர் உடல்நிலை பற்றிய அறிக்கைகள் வந்தன. குரல் எவ்வளவு கனமோ, சிரிப்பும் அவ்வளவு.

குரல் ஒரு பெயரை என்ன செய்யும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசித்தால் எந்தத் தமிழ்ப் பெயரும் கடைசி எழுத்தில் நீண்டு போகும். சொந்தப் பெயருக்கே சிரித்துக்கொண்டு எழுந்து நிற்போம்.

பரிசோதனை முடிந்து அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொந்த ஊர் தோவாளைப் பக்கமாம்.

"நான் 56 கடைசியில பிறந்தவன் அண்ணாச்சி. அதான் அப்பா இந்தப் பேரை வச்சாரு" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதி நெல்லைக்கு வந்தது. அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி என்றிருந்ததை எதிர்த்து அவர் முக்காலிகளைத் தூக்கி எறிந்த கதையை அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

நம் மாவட்டத்துக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. 1967இல் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோற்றார். மறு வருடம் ஜூன் 1 அன்று நாகர்கோவில் எம்.பி. நேசமணி காலமானார். அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் நின்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். நாம் கைவிட்டவரை அந்தத் தொகுதி மக்கள் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு நாகர்கோவில் பஸ்களிலும் நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் எழுதியிருந்தது. 1997இல் தலைவர்கள் பெயரெல்லாம் கழகங்களிலிருந்து போனபோது அதுவும் போயிற்று.

பையன் செய்ததற்கு நான் வருத்தம் தெரிவித்தேன். நானும் சிரித்ததைச் சொல்லவில்லை. அவர் பார்த்திருப்பார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, அந்தப் படத்தை நானே பத்து தடவை பாத்திருக்கேன். யாராவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான், கை முதல்ல தலையைத் தடவுது."