தேம்ஸ் நதிக்கரையில் ஒரு மாலை

நதியால் வளர்ந்த நகரங்கள் உலகிற் பல. தன்னை வளர்த்த நதியையே நஞ்சாக்கி, அந்நஞ்சினால் தன் மக்களையும் இழந்து, பின்னர் அறிவு பெற்று அதனை மீட்க முனைந்த நகரம் லண்டன். அவ்வரலாறு ஏடுகளில் மட்டும் இல்லை. தேம்ஸ் நதியின் வடகரையிலே கருங்கல்லாலும் எழுதப்பட்டுள்ளது. நவம்பர் மாதத்து மாலை ஒன்றில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலந் தொடங்கிப் பிளாக்பிரையர்ஸ் பாலம் வரை அக்கரைமேல் நடந்தபொழுது நாம் கண்டவற்றையும், அவற்றின் பின்னே நிற்கும் சரித்திரத்தையும் ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

இலையுதிர் காலத்தின் கடைநாட்கள் அவை. மணி நான்கு ஆகும்போதே ஞாயிறு மறையத் தொடங்கிவிட்டது. கரையோரத்துப் பிளேன் மரங்கள் தம் இலைகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு நின்றன. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலை சொரிந்து மொட்டையாய் நிற்பதைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு அக்காட்சி புதிதன்று. எலும்பைத் துளைக்கும் குளிர்தான் புதிது. கைப்பிடிச் சுவரின்மேல் மீனுருவம் சுற்றிய இரும்பு விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிவிட்டன. கீழே, கடலின் ஏற்ற வற்றத்திற்கேற்ப நாள்தோறும் இருமுறை பெருகியும் இருமுறை வற்றியும் வரும் கலங்கல் நீர் ஓடிற்று.

நிற்க. நாம் நடந்த அவ்விடம் 1864-ஆம் ஆண்டுக்கு முன் நிலமே அன்று. நதியும் சேறுமாய் இருந்த இடம். கரையை அடுத்த பூங்காவிலே 1626-ஆம் ஆண்டிற் கட்டிய கல்வாயில் ஒன்று உள்ளது. பக்கிங்ஹாம் பிரபு படகினின்று இறங்கித் தம் மாளிகைக்குள் நுழைவதற்காக எழுந்த நீர்வாயில் அது. இன்று அதன் படிகளுக்கும் நதிக்கும் நடுவே பூங்காவும் பெருஞ்சாலையும் கிடக்கின்றன. ஆறு எவ்வளவு தூரம் ஒதுக்கப்பட்டது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஏன் ஒதுக்கினர்? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் லண்டன் மக்கள் தொகை 25 லட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது. வீடுதோறும் நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பிடங்கள் பெருகின. அக்கழிவெல்லாம் கால்வாய்கள் வழியே தேம்ஸிற் கலந்தது. அந்நீரையே பலர் குடித்தனர். 1848, 49-ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி அந்நகரில் 14,000 பேருக்கு மேல் கொன்றது. 1853, 54-இல் மீண்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். 1855-ஆம் ஆண்டில் விஞ்ஞானி மைக்கேல் பாரடே படகிற் சென்று வெள்ளைக் காகிதத் துண்டுகளை நீரில் இட்டுப் பார்த்தார். அவை ஓர் அங்குல ஆழம் இறங்குமுன்னே கண்ணுக்கு மறைந்தன. அதனை அவர் பத்திரிகைக்கு எழுதியும் ஆட்சியாளர் அசைந்திலர்.

1858-ஆம் ஆண்டுக் கோடை வந்தது. வெயிலில் நதி நாறிற்று. நதிக்கரையிலே அமைந்த பார்லிமெண்டு மண்டபத்தில் உறுப்பினர் அமர இயலவில்லை. திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு மருந்து நீரில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. உடனே மசோதா வந்தது. பதினெட்டே நாளிற் சட்டமாயிற்று! வாசகர்களே, ஈதன்றோ கருதத்தக்கது? ஏழைகள் ஆயிரமாயிரமாய் மடிந்தபோது பிறவாத சட்டம், பிரபுக்களின் மூக்கை நாற்றம் தீண்டியதும் பதினெட்டு நாளிற் பிறந்தது.

அப்பணியை ஏற்றவர் ஜோசப் பேஸல்ஜெட் என்னும் இஞ்சினீயர். கழிவு நதியிற் கலவாவண்ணம், மேற்கிலிருந்து கிழக்காக 82 மைல் நீளம் பெருங்கால்வாய்களை நிலத்தடியிற் செங்கல்லாற் கட்டுவித்தார். அவற்றுள் தாழ்ந்த கால்வாய் செல்வதற்கே இக்கரை எழுந்தது. 37 ஏக்கர் பரப்பு நதியினின்று மீட்கப்பட்டது. மேலே சாலை, கீழே கழிவுநீர்க் கால்வாயும் ரயில் பாதையும். 1870 ஜூலை 13-ஆம் நாள் கரை திறக்கப்பட்டது. அவருடைய உருவச் சிலை அக்கரையிலேயே அடக்கமாய் இருக்கிறது. நம் கண்முன் பலர் அதனைப் பாராதே கடந்து சென்றனர்.

இதில் வியப்பொன்று உண்டு. அப்பணியை மேற்கொண்டோர் பலர், துர்நாற்றமே நோயைத் தருகின்றது என நம்பியவர். குடிநீரே வாந்திபேதியைப் பரப்புகின்றது என்று 1854-ஆம் ஆண்டில் ஒரு தெருக் குழாயைச் சான்றாக்கி நிறுவிய மருத்துவர் ஜான் ஸ்நோவை அவர்கள் ஏற்றிலர். அவர் 1858 ஜூனில், அந்நாற்றக் கோடையிலேயே இறந்தார். 1866-ஆம் ஆண்டில் வாந்திபேதி மீண்டும் வந்தபோது, புதிய கால்வாய் முற்றுப்பெறாத கீழ்லண்டனிலேதான் பெரும்பாலும் பரவி 5,000 பேருக்கு மேல் பலி கொண்டது. அஃதொன்றே ஸ்நோவின் கொள்கைக்குச் சாட்சியாயிற்று. கற்றோர் நம்பியதும் தவறாகலாம். எண்ணிப் பார்த்துக் கணக்கெடுத்த உண்மையோ நிலைக்கும். கடைசியாக நலம் பெற்ற பகுதி ஏழைகளின் பகுதி என்பதையும் மறத்தலாகாது.

சற்று அப்பால் எகிப்து நாட்டுக் கற்றூண் நிற்கின்றது. சுமார் 3,500 ஆண்டு வயதுடைய அதனை 1877-ஆம் ஆண்டிற் கடல்வழி இழுத்து வருகையிற் புயல் மூண்டது; மாலுமிகள் அறுவர் மாண்டனர். அவ்வறுவர் பெயரும் தூணின் அடியிற் பொறிக்கப்பட்டுள்ளன. நன்று! ஆயின் மண்ணை வெட்டிச் செங்கல் அடுக்கிக் கால்வாய் கண்ட ஆயிரக்கணக்கான கூலியாட்களின் பெயரை நாம் நடந்த வழியெங்கும் காணோம். அரசர் தூணைக் கொணர்ந்தோர்க்குக் கிடைத்த சிறப்பு, மக்கள் உயிரைக் காத்தோர்க்குக் கிட்டவில்லை.

குறையும் கூறுதல் வேண்டும். நகரத்தின் கழிவு மறைந்துவிடவில்லை. கிழக்கே கொண்டுபோய் மீண்டும் நதியிலேதான் விடப்பட்டது. 1878 செப்டம்பர் 3-ஆம் நாள் 'பிரின்சஸ் அலிஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அவ்விடத்தருகே வேறு கப்பலுடன் மோதி மூழ்கியது. சற்று முன்னர்தான் அங்கே கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. அந்நீரில் 600 பேருக்கு மேல் இறந்தனர். அதன் பிறகே கழிவைப் பிரித்தெடுக்கும் முறைகள் வந்தன. அண்மையில், 2025-ஆம் ஆண்டில், 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கக் கால்வாய் முழுமையாக இணைக்கப்பட்டது. தொடங்கிய பணி 160 ஆண்டு கடந்தும் தொடர்கின்றது.

பிளாக்பிரையர்ஸை நாம் அடைந்தபொழுது இருள் சூழ்ந்துவிட்டது. தன் வாயில் அழுக்கைப் பெருக்கி அயல் வாயிலில் தள்ளுதல் தூய்மையாகாது; அயலான் வீட்டு நோய் தன் வீட்டுக்கும் வரும் என்று உணர்ந்து பொதுவிற் செலவிடுவதே தூய்மை. விதியென்று கிடந்திருந்தால் அந்நகரம் அழிந்திருக்கும். ஆராய்ந்தது, பிழைத்தது. நம் லயத்து வாய்க்காலும் நம் தெருக் கால்வாயும் தேம்ஸினும் சிறியனவே. அவற்றைக் காக்கப் பிரபுக்களின் மூக்கு நாறும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?