உப்பளக் கரையில் பிரேக் காலிப்பர் பழுது

பிரேக் காலிப்பர் என்பது டிஸ்க் பிரேக்கில் சுழலும் இரும்புத் தட்டை இரு பேடுகளால் அழுத்திப் பிடிக்கும் பாகம். இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் சென்னைப் பாடியில் பிரேக் பாகங்கள் செய்துவருகிறது. ஆல்டோ, வேகன் ஆர் போன்ற குடும்பக் கார்களில் முன்சக்கரங்களுக்கு மட்டும் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் இருக்கும்; பின்னால் டிரம்.

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் உள்பேடைத் தட்டின்மேல் அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் உடல் இரண்டு பின்களின்மேல் நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் சீல் மிதிக்கும்போது லேசாக முறுகி, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அது இழுத்துக்கொள்வது ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதிதான். அந்த அசைவு நின்றாலும் பின்கள் இறுகினாலும் பிரேக் ஒழுங்காக விடாது.

மரக்காணத்தில் இந்த இரண்டையும் கெடுப்பது உப்பு. விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் பக்கிங்காம் கால்வாயையும் கழுவெளிக் கழிமுகத்தையும் ஒட்டி உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை அருகிலேயே ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கும் உப்புக் காலத்தில் கடற்காற்று உப்புத் துளிகளை வண்டிமேல் கொண்டுவந்து படியவைக்கிறது. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல்நீரிலும், உப்பு வாரியபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரிலும் உள்ள மெக்னீசியம் குளோரைடுக்கோ சுமார் 33 விழுக்காடே போதும். அதனால் வெயில் காய்ந்தாலும் இடுக்குகளில் படிந்த உப்பு முழுதாக உலர்வதில்லை. துரு இரவு பகலாக ஏறுகிறது. இதே கடற்காற்று உலோகங்களை என்ன செய்கிறது என்பதைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து ஆராய்ந்துள்ளது.

ஓடாமல் நிற்கும் கார்தான் முதலில் பழுதாகிறது. தினமும் ஓடும் காரில் பேடு உரசி தட்டின் துருவைத் துடைத்துவிடும். வாரக்கணக்கில் நிற்கும் காரில் பேடு தட்டோடு ஒட்டி, முதல் கியரில் எடுக்கும்போது ‘டக்’ என்று விடுபடும். அந்தச் சத்தத்தோடு முடிந்தால் பயமில்லை. பேடு உட்காரும் கிளிப்புக்கு அடியில் துரு பொருக்குக் கட்டி வீங்கினால்தான் சிக்கல். பேடின் காது அதில் இறுகிப்போகும், பேடு பின்வாங்க இடமிருக்காது.

பிரேக்கைத் தொடாமலே கார் ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் விடாமல் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். மிதித்தால் மட்டும் இழுத்தால், எதிர்ப்பக்கம் பிடிக்காமல் இருக்கக்கூடும். சக்கரத்தில் கருகல் வாடை, மைலேஜ் குறைதல், ஓட்டி நிறுத்தியபின் ஒரு வீல் மட்டும் அதிகம் சுடுதல் ஆகியவையும் அடையாளங்களே. வீலைத் தொட்டுப் பார்க்கக் கூடாது, அருகே கையைக் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். பேடுகளைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளியும். உள்பேடு மட்டும் தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை, அல்லது காலிப்பர் நகரவில்லை. ஒரே பேடு சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம்.

காலிப்பரையே மாற்றச் சொல்லும் முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்து, பிரேக்கை மிதித்து விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் காலிப்பரின் ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது: உள்ளே வீங்கிய ரப்பர் ஹோஸோ மாஸ்டர் சிலிண்டரோ காரணம். திறந்தும் விடாவிட்டால் பழுது பின்னிலோ பிஸ்டனிலோ பேடு கிளிப்பிலோதான். இதைப் பார்க்காமல் புதுக் காலிப்பர் போட்டால் பழுது அப்படியே இருக்க, பணம் வீணாகும்.

பின்களை உருவி எடுத்து, உப்புத்தாளால் துரு நீக்கி, பிரேக்குக்குரிய சிலிகோன் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால் பல நேரம் வேலை முடிந்துவிடும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும், அதைத் தொடவே கூடாது. கிளிப்பைக் கழற்றி அடியிலுள்ள துருவைக் கம்பிப் பிரஷால் சுரண்டாமல் புதுப் பேடு போடுவதில் பயனில்லை. கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைக்க வேண்டும். பிஸ்டனின் மேற்பூச்சு உரிந்து குழி விழுந்திருந்தால் தேய்த்துச் சரிக்கட்ட முயலாமல் பிஸ்டன், சீல் இரண்டையும் மாற்ற வேண்டும். சீலுக்குப் பூச புதுப் பிரேக் ஆயிலே போதும். டிஸ்க்கைக் கடைசல் பிடிப்பதானால் அதில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது.

பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயிலின் கொதிநிலைக்குத் தரவரம்பு புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய நிலையில் 155. ஈரம் பிஸ்டனை உள்ளிருந்தும் அரிக்கும். எனவே இந்தக் கரையில் இரண்டு ஆண்டுக்கு மேல் பழைய ஆயிலை விட்டுவைப்பது சரியல்ல. வேலை முடிந்து ஏர் எடுத்தபின், பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டே காரை நகர்த்த வேண்டும்.

சக்கரங்களை நல்ல தண்ணீரால் அலசுவது உதவும். வீட்டு போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவது உப்பைக் கூட்டவே செய்யும். காரை நாள்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது; பின்சக்கர டிரம்மும் துருவில் பிடித்துக்கொள்ளாது.