மூன்று பாகை

அம்பத்தூரிலிருந்து வானகரம் செல்லும் சாலையில், அயனம்பாக்கத்தில், அப்போலோ மருத்துவமனை இருக்கிறது. அயனம் என்றால் வழி. ஊர்ப்பெயரின் மூலம் அதுதானா என்பதைச் சொல்லாராய்ச்சி அன்பர்களிடம் விட்டுவிட்டு, எலும்பினுள் வழி தேடிய கதையைப் பார்ப்போம்.

1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளுக் தந்தத்தாலான முழங்கால் மூட்டைப் பொருத்தினார். சீழ் பிடித்துத் தோற்றது. இன்றைய மூட்டின் முன்னோடி 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினருடையது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே கோட்டில் அமைய வேண்டும், மூன்று பாகைக்கு மேல் பிசகினால் மூட்டு விரைவில் தேயும் என்பது பின்னர் வேரூன்றிய நம்பிக்கை. தொடையெலும்பின் உள்ளே கம்பியைச் செலுத்தித்தான் அந்தக் கோட்டைக் கணித்தார்கள். எலும்பே வளைந்திருந்தால் கம்பி பொய் சொல்லும். ஆசியர்களிடம் அவ்வளைவு அரிதன்று.

1997 ஜனவரியில் கிரெனோபிளில் டொமினிக் சாரகாலியா கணினியைத் துணைக்கழைத்தார். தொடையிலும் கீழ்க்காலிலும் ஊசிகள். அவற்றில் பொருத்திய குறிகளை அகச்சிவப்புக் கேமரா பின்தொடரும். காலை மெல்லச் சுழற்றினால் இடுப்பு மூட்டின் மையம் திரையில் தெரியும். கப்பலோட்டி கண்ணுக்குத் தெரியாத துறைமுகத்தைக் கணிப்பது போலத்தான்!

இந்தியாவில் மும்பையின் அருண் முல்லாஜி 467 முழங்கால்களில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார். கணினியின் கை ஓங்கியிருந்தது. அதே ஆண்டு கோவை கங்கா மருத்துவமனையின் ராஜசேகரன் குழு முதுகெலும்பில் கண்டது இன்னும் தெளிவு: வழிகாட்டியின்றிப் பொருத்திய திருகுகளில் 23 சதவீதம் எலும்புச் சுவரை மீறின, வழிகாட்டியோடு 2 சதவீதமே. தண்டுவடத்தின் அருகே இது உயிர்ப்பிரச்சினை.

முழங்காலில் கதை திரும்பியது. 2010இல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு, 398 முழங்கால்களைப் பதினைந்தாண்டு அளவில் பார்த்து, மூன்று பாகைக்குள் அமைந்தவை கூடுதலாக நீடிக்கவில்லை என்றது. 2012இல் பெல்ஜியத்தின் பெல்லமான்ஸ், நலமான இளைஞர்களிலேயே ஆண்களில் 32, பெண்களில் 17 சதவீதத்தினருக்குக் கால் இயல்பாகவே மூன்று பாகையோ அதற்கு மேலோ வெளிவளைந்திருப்பதைக் காட்டினார். கணினி கேட்டதைச் சரியாகத்தான் செய்தது; கேட்ட கேள்விதான் ஐயத்துக்குரியது என்பது நம் எண்ணம். வாழ்நாளெல்லாம் சற்று வளைந்த காலோடு நடந்த பாட்டிக்கு ஏன் நேர்கோடு?

2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அது உலோகத்துக்கு மட்டும். கணினிக் கட்டணத்துக்கு அன்று. இப்போது விளம்பரங்களில் வரும் ரோபோவிலும் பெரும்பாலும் அதே ஊசிகள், அதே கேமராதான். ஆனால், நேர்கோட்டை விட்டு நோயாளியின் பழைய வளைவையே மீட்க அதைப் பயன்படுத்தும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.