பாதி வண்டி அம்பத்தூரில், மீதி தெருவில்

எழுபதுகளில் புது சைக்கிள் வாங்கப் போனவர் கையோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. கம்பெனியிலிருந்து பிரேம், சக்கரம், ஹேண்டில் பார் எல்லாம் தனித்தனிக் கட்டாகத்தான் கடைக்கு வரும். பூட்டுவது கடை பிட்டரின் வேலை. வாங்கியவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார்: ஸ்டாண்டு வேண்டும், கேரியர் அகலமாக வேண்டும், வேட்டியில் கிரீஸ் படாமல் இருக்க முழு செயின் கவர் வேண்டும், டைனமோ அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே தெருக்காரர்கள் இருவர் ஒரே நாளில் ஹெர்குலிஸ் வாங்கினாலும் வீடு வந்து சேர்வது இரண்டு வேறு வண்டிகள்.

தனக்கென்று சைக்கிளைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவது அண்மையில் மேலை நாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள், சென்னைக்கு வடமேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடித் தொழிற்பேட்டைகளின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. ஆலை எழுந்த அம்பத்தூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. 2018இல் சென்னை மாவட்டத்துக்குள் போய்விட்டது. ஆலை நகரவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. இங்கே உருவான வண்டிகளின் பெயர்கள் எல்லாம் பர்மிங்காம் பக்கத்தவை. ஹெர்குலிஸ், கிரேன் சகோதரர்கள் 1910இல் தொடங்கியது. பி.எஸ்.ஏ.வோ துப்பாக்கி செய்த கம்பெனி. அந்த மூன்றெழுத்தில் பின்னிரண்டும் குறிப்பதே சிறு ஆயுதங்களைத்தான். தாய்க் கம்பெனியின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்போர்டின் பெயரில் 1966இல் எழுந்த மருத்துவமனையில் அம்பத்தூர்க்காரர்கள் இன்றும் சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

சைக்கிளுக்குப் பின்னால் அதன் உறுப்புகளும் வந்தன. 1955இல் ஆவடியில் குழாய் ஆலை. 1960இல் செயினுக்காக டி.ஐ. டைமண்ட் செயின். விளக்குக்கும் டைனமோவுக்கும் டி.ஐ. மில்லர். டைமண்ட் என்பது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரக் கம்பெனி. 1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் இன்ஜினிலிருந்து இறக்கைவிசிறிக்குச் சுழற்சியைக் கொண்டுபோன செயின் அவர்கள் செய்ததுதான். அந்தச் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்களே. 1896 முதல் டேட்டன் நகரில் ‘வேன் கிளீவ்’ என்ற பெயரில் தங்கள் கையால் சைக்கிள் கட்டி விற்றார்கள். அம்பத்தூர்ப் பையன் டியூஷனுக்கு மிதித்துப் போன செயினுக்கு அப்படியொரு வம்சாவளி உண்டு.

ஆனாலும் வண்டிக்கு உயிர் கொடுத்தது சைக்கிள் கடைதான். ஓலைக் கொட்டகை, தொங்கும் டயர், தண்ணீர்த் தொட்டி, தரையில் கவிழ்த்து வைத்த வண்டி. வருடத்துக்கு ஒரு முறை ‘ஓவராயில்’: வண்டியை முழுக்கக் கழற்றி, அச்சு, கோன், கப் அத்தனையையும் மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பால்ரஸை மாற்றி, புது கிரீஸ் வைத்துப் பூட்டுவது. கடையின் உண்மையான கெட்டிக்காரர் யாரென்று தெரிய வேண்டுமானால் கோட்டம் எடுக்கும்போது பார்க்க வேண்டும். ரிம்மைச் சுழலவிட்டு, ஓரத்தில் ஒரு சாக்குக்கட்டியைப் பிடிப்பார். உரசிய இடத்தில் விழுந்த வெள்ளைக் கோடுதான் கோட்டம். அந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முறுக்கினால் சக்கரம் நேராகும். அளவு கருவி எதுவும் கிடையாது. கம்பியைச் சுண்டிப் பார்க்கும் காதுதான் கருவி.

தொழிலுக்குத் தொழில் வண்டி மாறியது. பால்காரருக்கு மேல் கம்பி இரட்டையாக உள்ள ‘டபுள் பார்’, கேன் மாட்ட இருபக்கமும் கொக்கி. கேஸ் சிலிண்டர் போடுபவருக்குப் பின்சக்கரத்தை ஒட்டிக் கனமான இரும்புக் கொக்கிகள். குடிநீர் சுமப்பவருக்குக் குடங்கள் தொங்கும்படி வெல்டிங் செய்த கேரியர். சாணை பிடிப்பவர் எல்லோரையும் மிஞ்சினார்: ஸ்டாண்டு போட்டு நின்ற இடத்திலேயே மிதிப்பார், பின்சக்கரம் பெல்ட் வழியே சாணைக்கல்லைச் சுற்றும். சவாரியே செய்யாமல் சம்பாதித்துக் கொடுத்த சைக்கிள் அது. இவற்றில் ஒன்றைக்கூடப் பொழுதுபோக்கு என்று சொன்னால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

விளையாட்டும் இல்லாமலில்லை. எண்பதுகளில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வைத்திருந்த இளைஞனுக்குத் தெருவில் தனி மரியாதை. அது கிடைக்காதவர்கள் அப்பாவின் வண்டியில் வளைந்த ஹேண்டில் பாரை எடுத்துவிட்டு நேர் ஹேண்டில் போட்டார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்து அடி வாங்கினார்கள். ஸ்போக்ஸில் வண்ண மணி கோத்து, ஹப்பில் பூப்போன்ற பிரஷ் சுற்றி, சீட்டுக்குக் குஞ்சம் வைத்த உறை மாட்டினார்கள். ஊர் மைதானத்தில் இரவும் பகலும் இறங்காமல் சைக்கிள் சுற்றியவரின் வண்டியோ இதற்கு நேரெதிர். மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, கேரியர் இல்லை. வண்டியின் மேலேயே குளியலும் சாப்பாடும்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கலிபோர்னியாவின் மாரின் மலைப்பகுதியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைப் பிரித்து, தடித்த டயர் போட்டு மலைச்சரிவில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். 1976இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒரு இறக்கத்தில் ஹப் பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி நிரப்ப வேண்டும், அதனால் அந்தப் பெயர். மறு ஆண்டே ஜோ பிரீஸ் அதற்கென்றே பிரேம் கட்டினார். மவுன்டன் பைக் என்ற தொழில் பிறந்தது. கைத்திறனில் நம்மூர் மெக்கானிக் அவர்களுக்குக் குறைந்தவரல்ல. ஆனால் அங்கே பிரேமை அறுத்துக் கெடுத்தாலும் வீட்டில் கார் நின்றது. இங்கே இருந்தது ஒரே வண்டி. அது கெட்டால் மறுநாள் ஷிப்டுக்குப் போக வழியில்லை. பிழை செய்து பார்க்க வசதி இருந்தவர்களுக்குத்தான் அது பொழுதுபோக்கானது.

அந்த வசதி இங்கே தாமதமாகத்தான் வந்தது. 2011இல் டி.ஐ. ‘மாண்ட்ரா’ என்ற உயர்விலை வண்டிகளைக் கொண்டுவந்தது; கியரையும் டயரையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற புது வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். இன்னொரு கூட்டம் பின்னோக்கிப் போகிறது. பழைய ஹெர்குலிஸ், பிலிப்ஸ் வண்டிகளைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, கம்பி பிரேக்கோடு மீட்டெடுப்பவர்கள். அவர்களுக்குப் போட்டி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்குள்ள சிப்காட் வளாகத்து உருக்காலைகள் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக்குபவை. இருபது கிலோ எடையுள்ள தாத்தா சைக்கிள் பேரீச்சம்பழக்காரர் கைக்குப் போவதற்குள் இவர்கள் முந்திக்கொள்ள வேண்டும். மீட்ட வண்டிக்குப் பாகம் கிடைப்பதில் சிரமமில்லை. இருபத்தெட்டு அங்குல டயரும் காட்டர் பின்னும் இந்தியாவில் இன்னும் புதிதாகவே செய்யப்படுகின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களே இங்கிருந்துதான் வரவழைக்கிறார்கள்.

மாற்றியமைத்த வண்டிகளில் மிகத் துணிச்சலானது காசிமேட்டின் மீன்பாடி வண்டிதான். முன்னால் இரண்டு சக்கரத்தில் பலகை, பின்னால் ஓட்டுபவர். மிதித்து ஓட்டிய அதில் பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டி வடசென்னை முழுக்க ஓட்டினார்கள். பதிவு எண்ணும் இல்லை, சட்டத்தில் இடமும் இல்லை. போலீஸ் பிடிப்பதும் வண்டி திரும்ப ஓடுவதுமாகவே காலம் போனது. இப்போது சைக்கிளின் ஹப்பில் மின்மோட்டார் பூட்டும் கிட் கடையில் கிடைக்கிறது. 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவு தேவையில்லை. டி.ஐ.யும் சைக்கிளுக்கு வைத்த மாண்ட்ரா பெயரை 2022இல் மின்சார ஆட்டோவுக்கு வைத்துவிட்டது. அதைத் தயாரிப்பதும் அம்பத்தூரில்தான்.