மொலினியூவின் வினா

கண் திறந்திருந்தால் உலகம் தானே தெரியும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணத்தை ஐயுற்றவர்களுள் ஒருவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத்து வில்லியம் மொலினியூ. அவருடைய மனைவியார் மணமான சிறிது காலத்திலேயே பார்வையிழந்தவர். 1688ஆம் ஆண்டில் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக்கை நோக்கி மொலினியூ ஒரு வினாவை விடுத்தார். பிறவிக் குருடன் ஒருவன் கோளத்தையும் கனசதுரத்தையும் தடவி வேறுபடுத்தக் கற்றிருக்கிறான். திடீரென அவனுக்குப் பார்வை கிடைத்தால், தொடாமலே எது கோளம், எது கனசதுரம் என்று கூற இயலுமா?

இயலாது என்பதே மொலினியூவின் கருத்து. லொக்கும் அதற்கு உடன்பட்டு, 1694இல் வெளிவந்த தமது நூலின் இரண்டாம் பதிப்பில் அவ்வினாவைச் சேர்த்துக்கொண்டார். ஜெர்மானிய அறிஞர் லைப்னிற்சோ, அவ்விரு பொருள்களுமே எதிரில் உள்ளன என முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவன் பகுத்தறிவைக் கொண்டு கண்டுபிடிப்பான் என்றார். வாதத்தால் தீரும் வழக்கன்று இது. கண் பெற்ற ஒருவனைக் கேட்டே தீர்க்கவேண்டும்.

அத்தகைய ஒருவனைப் பற்றி 1728இல் இலண்டன் சத்திரவைத்தியர் வில்லியம் செசல்டன் எழுதினார். ஏறக்குறைய 13 வயதுச் சிறுவன். பார்த்த நினைவே இல்லாதவன். கண்புரை அகற்றப்பெற்றதும், காணும் பொருள்கள் யாவும் தன் கண்ணைத் தொடுவதாகவே அவன் உணர்ந்தான். பூனை எது, நாய் எது என்று அடிக்கடி மறந்துபோகும். திரும்பத் திரும்பக் கேட்கவும் வெட்கம். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவி அறிந்து, அதனை உற்றுநோக்கி, இனி அடையாளங் கண்டுகொள்வதாக அதனிடமே சொல்லிக் கீழே விட்டானாம். ஓவியங்கள் இரண்டு மாதம்வரை அவனுக்கு வெறும் வண்ணத் திட்டுகளே. பின்னர் அவற்றில் உருவங்களைக் கண்டவன், கைவைத்தபோது தட்டையாயிருக்கத் திகைத்து, பொய் சொல்வது கண்ணா, கையா என்று வினவினான்.

கண் தருவது ஒளியும் நிறமும் மாத்திரமே. அவற்றைப் பொருளாகக் கூட்டிப் படிக்க மூளை கற்கவேண்டும். ஆயினும் மொலினியூ கேட்டவாறே அச்சிறுவன் சோதிக்கப்பெற்றானல்லன். அச்சோதனை புதுடில்லியில் நடைபெற்றது. பவன் சின்காவின் ‘பிரகாஷ்’ திட்டத்தின்கீழ்ப் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையான ஐவரைப் பற்றிய அறிக்கை 2011இல் வெளியாயிற்று. கையால் அறிந்த உருவத்தைக் கண்ணால் தெரிந்தெடுக்கும்படி கேட்டபோது, அவர்களுடைய விடைகள் ஏறக்குறைய குருட்டுவாக்காகவே அமைந்தன. லொக்கின் பக்கமே வென்றது.

குழந்தைப்பருவம் கடந்தபின் சத்திரசிகிச்சை செய்தும் பயனில்லை என்று வைத்தியர் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். ஆனால் அவ்வைவருள் ஒரு வாரமளவில் மீண்டும் சோதிக்கப்பெற்றோர், அதே உருவங்களைப் பெரும்பாலும் சரியாகவே தெரிந்தெடுத்தனர்.